படத்துக்கு ஒரு தட்டு, வயிற்றுக்கு ஒரு தட்டு

இணையத்தில் மட்டும் மெலிகிற ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. ஆளைப் பார்த்தால் அடையாளம் தெரியாது, வாயைத் திறந்தால்தான் தெரியும். சுகமா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டுப் பாருங்கள், வெந்தயத்தில் ஆரம்பித்து வெண்பூசணிச் சாறு வரைக்கும் உங்களை விடமாட்டார்கள்.

இந்த இனத்தில் தரமான மாதிரி வேண்டுமென்றால் எங்கள் கருங்கல் ஊருக்கு வாருங்கள். தேவகுமார் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட குமாஸ்தா. சர்க்கரை ஏறிக்கிடந்தவரை, துபாயில் நர்சாக இருக்கும் மகள் அஜிஷா 'நலமே பலம்' என்ற ஆன்லைன் திட்டத்தில் சேர்த்துவிட்டாள். இதிலும் குறையவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான் என்றும் சொல்லிவிட்டாள். ஊசி என்றால் மனிதருக்கு உயிரே போய்விடும். ஆகவே நிறைவு நாளில் கொடுக்கும் 'முன்மாதிரி' பட்டத்தை எப்படியாவது வாங்கிவிட வேண்டும், பட்டம் வாங்கினவனுக்கு எவள் ஊசி போடுவாள்? ரத்தத்துக்குப் பட்டம் புரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கேட்கவில்லை.

திட்டத்தின் விதி எளியது: சாப்பிடுமுன் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இரவானால் வெள்ளரிக்காய், கேரட், முளைகட்டிய பயறு எல்லாம் அடுக்கிய தட்டு மேஜைக்கு வரும். தேவகுமார் படம் எடுத்து அனுப்புவார். பிறகு கண்ணை மூடிச் சாப்பாட்டு ஜெபம் தொடங்கி, சமைத்த கையில் ஆரம்பித்து, சபை, போதகர், கடலில் போனவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள் என்று ஒருவரையும் விடாமல் சுற்றி வந்து அவர் ஆமென் சொல்வதற்குள், மனைவி லீலாபாய் அந்தத் தட்டைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு, மாவு மாவாய் வெந்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்திருப்பாள். அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஜெபித்து முடித்துக் கண் திறக்கும்போது முன்னால் இருப்பதை வேண்டாம் என்று தள்ள ஒரு விசுவாசிக்கு மனம் வருமா?

"ஏட்டி, வெள்ளரிக்கா வாடிப்போச்சே, பாத்தியா?"

"போன வாரம் உள்ளதுதானே. வாடாம என்ன செய்யும்?"

பயறு ஒருநாள் இலைவிட்டது. கீரையும் சேர்த்திருக்கிறீர்கள், அருமை என்று சென்னைப் பயிற்சியாளர் பாராட்டினார்.

நிறைவு நாள் வந்தது. எல்லோரும் வீடியோவில் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அஜிஷாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவகுமார் தட்டைத் தூக்கிக் காட்டினார். பட்டம் அவருக்குத்தான் என்று அறிவித்த பயிற்சியாளர், "சாப்பிடலாமா சார்?" என்றார்.

சாப்பாடு என்றதும் தேவகுமாரின் கண் தானாக மூடியது. அன்று பயிற்சியாளருக்காகவும் ஜெபித்தார், ஊருக்கு நல்ல சிக்னல் கிடைக்கவும் ஜெபித்தார். ஆமென் சொல்லி, கிழங்கைப் பிசைந்து, குழம்பில் தோய்த்து, முதல் உருண்டையை விழுங்கிய பிறகே திரையில் ஒருவரும் அசையவில்லை என்பதைக் கவனித்தார்.

"சார், அது என்ன?" என்றார் பயிற்சியாளர்.

ஓரத்திலிருந்து ஒரு கரண்டி திரைக்குள் நீண்டது. "இன்னும் கொஞ்சம் கொழம்பு விடட்டா?"

"அப்பா," என்றாள் அஜிஷா. "நாளைக்கு காலத்த ஆஸ்பத்திரி. ஊசி போட்டே ஆவணும்."

தேவகுமாருக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கிழங்கை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்தவர் தட்டுகளையும் ஒருமுறை காட்டச் சொன்னார் பயிற்சியாளர். திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவர்களில் வடசேரி ஈஸ்வரமூர்த்தி அவசரத்தில் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். வெல்லப்பாகில் உருட்டிய முந்திரிக்கொத்தைக் கடிக்கும் சத்தம் துபாய் வரைக்கும் கேட்டது.

நீங்கள் சிரிக்கலாம். உங்கள் போனும் இன்று காலையில் கேட்டிருக்குமே, தண்ணீர் குடித்தீர்களா என்று? ஆம் என்று அமுக்கினீர்கள்.

குடித்தீர்களா?