பிளேட்டு அண்ணன் பார்த்த ஸ்டேக் கடைகள்

பினாங்குக் கடற்கரையிலிருந்து கேமரன் மலை உச்சிவரை எந்தக் கடையில் ஸ்டேக் நன்றாக இருக்கும், எந்தக் கடையில் செருப்புத் தோல் மாதிரி இருக்கும் என்று பிளேட்டு அண்ணனைவிடச் சரியாகச் சொல்லக்கூடிய ஆள் மலேசியாவிலேயே கிடையாது. ஒரு துண்டு மாட்டிறைச்சிகூட அவர் வாயில் வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

இதை நான் ஒப்புக்கொண்டது கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தாவுக்கு இறங்குகிற சாலையில், தூறலில், தோளில் ஒரு தகரப் பெட்டியோடு நடந்துகொண்டிருந்தபோது. பெட்டி அவருடையது. பெட்டி வைத்துக்கொள்ளும் அளவுக்கு என்னிடம் சாமான் இல்லை. அன்று காலை எட்டு மணிக்கு நாங்கள் தட்டு கழுவிக்கொண்டிருந்த ஓட்டலிலிருந்து எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டார்கள். சமையலறைக்குப் பின்னால் எங்களுக்கு ஒதுக்கியிருந்த அறையும் அதோடு போயிற்று. பொழுது சாய்வதற்குள் ஒரு வேலை வேண்டும். வேலையோடு படுக்க ஒரு இடமும் வேண்டும். மலையில் இரவுக் குளிர் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அண்ணனுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கைகளை வீசிக்கொண்டு முன்னால் நடந்தபடி கடைகளை ஒப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"பினாங்கு கடற்கரை ஓட்டல் இருக்கு பாரு தம்பி, இறைச்சி முதல் தரம் லா. ஆனா பட்டாணிய வேக வைக்கத் தெரியாது. பிளேட்டுக்கு முப்பது பட்டாணி போனா இருபத்தெட்டு திரும்பி வரும். ஈப்போல ஒரு கடை, அங்க பட்டாணி திரும்பாது. கொழுப்புத் துண்டு திரும்பும். ரெண்டையும் தட்டுல வச்சா ஈப்போதான் ஒரு படி மேல."

"அண்ணே, பெட்டிய கொஞ்சம் நீங்க தூக்குறீங்களா?"

"கோலாலம்பூர்ல ஒரு மெழுகுவத்திக் கடை..." என்று அவர் தொடர்ந்தார்.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. ஓட்டலில் கணக்கு எழுதும் கிராணி சம்பளச் சீட்டிலேயே 'பிளேட்டு' என்றுதான் எழுதினார். முப்பது வருஷம் எட்டு ஊர்களில் வெள்ளைக்காரச் சாப்பாட்டுக் கடைகளிலும் பெரிய ஓட்டல்களிலும் தட்டு கழுவியவர். ஒரு கடையிலும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து தின்றவன் சொல்வதை நம்பவும் மாட்டார்.

"காசு குடுத்துத் தின்னவன் நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். கூட்டிக்கிட்டு வந்த பொண்டாட்டி முன்னால வேற என்னத்த சொல்லுவான்? அவன் வாயப் பாக்காத. அவன் விட்டுட்டுப் போறதப் பாரு."

இப்படித்தான் அவர் கடைகளை எடைபோட்டார். மெழுகுவத்தி ஏற்றிவைத்த கடைகளை அவருக்கு அறவே பிடிக்காது. இருட்டில் தின்றவர்கள் நல்ல சதையை விட்டுவிட்டு அலங்காரத்துக்கு வைத்த எலுமிச்சைத் தோலைக் கடித்துவைத்திருப்பார்களாம். "வெளக்கப் போட்டா என்னத்தத் திங்கிறோம்னு தெரிஞ்சிரும்னு பயம்" என்பார்.

மாடு தின்னாதவர் மாடு தின்ற தட்டைத் தொடலாமா என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். "விரதம் நாக்குக்குத்தான். கைக்கு ஏது விரதம்?" வெள்ளிக்கிழமைகளில் நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு சலவைச் சோடாத் தண்ணீரில் முழங்கைவரை இறங்குவார். அந்தக் காலத்தில் ஸ்டேக்கை இரும்புத் தட்டில் புகையப் புகையக் கொண்டுபோய் வைப்பது புதுப் பழக்கமாக வந்திருந்தது. தட்டு மாடு வடிவத்திலேயே இருக்கும். கொம்புகூட உண்டு. அண்ணன் அதைத் தேய்த்துக்கொண்டே ஒருநாள் பெருமூச்சு விட்டார்.

"ஒரு நாளைக்கு நாப்பது மாட்டக் குளிப்பாட்டுறேன் தம்பி. மாட்டுப் பொங்கலுக்குக்கூட எவனும் இவ்வளவு செய்ய மாட்டான்."

எங்கள் வேலை போனதற்கும் காரணம் ஒரு தட்டுதான். முன்னொரு காலத்தில் இந்த மலையில் தேயிலைத் தோட்டத்து மேனேஜராக இருந்த ஒரு வயசான துரை, பழைய இடத்தைப் பார்க்க மனைவியோடு வந்து ஓட்டலில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய தட்டு உள்ளே வந்தது. ஸ்டேக் முழுசாக இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு கத்திக் கீறல்.

அண்ணன் தட்டைத் தொட்டியில் போடவில்லை. சமையல்காரரைப் பார்த்தார். ஸ்டேக்கைப் பார்த்தார். பிறகு, ரப்பர் பூட்ஸும் தண்ணீர் சொட்டும் ஏப்ரனுமாக, தட்டை ஏந்திக்கொண்டு கதவைத் தள்ளிச் சாப்பாட்டு அறைக்குள் போய்விட்டார். சூப்புக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டத்தோடு நான் கதவருகில் நின்றிருந்தேன்.

"துரை, ஒய்? மீட் நோ குட்?"

அறையில் கரண்டிச் சத்தம் நின்றது. துரை சிவந்துபோனார். அந்த அம்மாள்தான், அவருக்குப் பல்லில் கோளாறு என்று மெதுவாகச் சொன்னார். அத்தோடு எவனும் திரும்பி வந்திருப்பான். அண்ணன் குனிந்து, "ஓப்பன்" என்றார். துரைக்கு என்ன தோன்றியதோ, வாயைத் திறந்துவிட்டார். அண்ணன் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி என்னிடம் தமிழில் அறிவித்தார்.

"தம்பி! கடவாப்பல்லு ரெண்டு பக்கமும் இல்ல. நம்ம கடை மேல ஒரு தப்பும் இல்ல!"

துரை சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. நானும் சிரித்ததில் பதினொரு சூப்புக் கிண்ணம் உடைந்தது. மறுநாள் காலையில் நாங்கள் சாலையில் இருந்தோம்.

தானா ராத்தாவில் இரண்டு இடத்தில் கேட்டோம். கேட்டோம் என்று சொல்வது மரியாதைக்காக. வேலை கேட்பதற்கு முன்னால் அண்ணன் செய்கிற காரியம் ஒன்று உண்டு. எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னாலும் எச்சில் கொட்டுகிற பீப்பாய் ஒன்று நிற்கும். தோங் என்போம். பன்றி வளர்க்கிறவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். அண்ணன் முதலில் பின்பக்கம் போய் அந்தத் தோங்கின் மூடியைத் திறந்து மூன்று விநாடி பார்ப்பார். அதற்குப் பிறகுதான் முன்வாசல்.

முதல் கடையில் பார்த்துவிட்டு மேனேஜரிடம் நேராகப் போனார். "சார், ஒங்க குக்கு கத்தியே தீட்டுறதில்லையா? எல்லாம் பிச்சுப் பிச்சு எறிஞ்சிருக்கான்." இரண்டாவது கடையில் முன்வாசலுக்கே வரவில்லை. "பட்டாணி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சாலைக்கு ஏறிவிட்டார்.

எனக்கு நேற்று மதியத்துக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. நான் ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவன். அப்பா இறந்த மாதமே தோட்டத்தில் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு கியா பார்மில் கோசு வெட்டியிருக்கிறேன், லோரியில் மூட்டை ஏற்றியிருக்கிறேன், மாதா கோயில் கூரைக்குச் சாயம் அடித்திருக்கிறேன். பசி எனக்குப் புதிதல்ல. ஆனால் பசியோடு பட்டாணி விமர்சனம் கேட்பது புதிது. பெட்டியைச் சாலையில் இறக்கி வைத்தேன்.

"அண்ணே, அடுத்த எடத்துல நீங்க வாயத் தொறந்தீங்க, இந்தப் பெட்டிய ஆத்துல போட்டுருவேன்."

"என்ன தம்பி கோவம்? உள்ளதத்தான சொன்னேன்?"

"உள்ளதச் சொல்றதுக்கு நாம என்ன கோர்ட்டுலயா நிக்கிறோம்? வேலை கேக்கப் போறோம்ணே!"

அவர் முருகன் மேல் சத்தியமாக வாயைத் திறப்பதில்லை என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

கோசு ஏற்றிய லோரி ஒன்று எங்களை ரிங்லெட்வரை ஏற்றிக்கொண்டது. மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிட்டுப் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக என்னிடம் தந்தார்.

"எங்கயாச்சும் ஒரு கடை இருக்கும் தம்பி. போற தட்டு எல்லாம் வழிச்ச மாதிரி திரும்பி வர்ற கடை. முப்பது வருஷமாத் தேடுறேன். அதக் கண்டுட்டேன்னு வையி, சாவுற வரைக்கும் அங்கதான். ஒரு அடி நகர மாட்டேன்."

"ரிங்லெட்ல ஒரே ஒரு ஆள்தான் வேணும்னா?"

"இதுல என்ன கேள்வி? நான்தான் போவேன். எனக்கு முப்பது வருஷ எக்ஸ்பீரியன்ஸ். நீ இருவது வயசுப் பய. கோசு வெட்டப் போ லா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழையில் நனைந்து இருமல் தொடங்கியிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஏரிக்கரையில் பலகை வீடு ஒன்றை ஸ்டேக் கடை ஆக்கியிருந்தார் ஒரு ஹைனான் சீனர். தவுக்கே என்கிற முதலாளியும் அவரே, சமையலும் அவரே. மேசை எட்டுதான். பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் விடுமுறைக்கு மலை ஏறும்போது அங்கே நிற்பார்கள் என்று லோரிக்காரர் சொன்னார். மலையடியில் இருக்கும் தாப்பாவுக்கு இறங்குவதற்கு முன்னால் லோரிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டியிருந்தது. கால் மணி நேரம் நிற்பேன், வேலை கிடைக்கவில்லையென்றால் வந்து ஏறிக்கொள்ளுங்கள் என்றார்.

அண்ணன் வழக்கம்போலப் பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். தோங்கின் மூடியைத் தூக்கினார். மூன்று விநாடி ஆனது. பத்து விநாடி ஆனது. அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மூடியைச் சத்தம் கேட்காமல் மூடிவிட்டுத் திரும்பினார்.

"எப்படிண்ணே?"

"வா" என்றார். அவ்வளவுதான். சத்தியத்தைக் காப்பாற்றுகிறார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

தவுக்கே வெட்டுக்கத்தியோடு வெளியே வந்தார். மலாயில் பேசினார். ஒரு ஆள் போதும், சோறும் படுக்க இடமும் உண்டு. என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் இருமினேன். அண்ணனுடைய கைகளைப் பார்த்தார். சோடாவில் முப்பது வருஷம் ஊறிய கைகள், வேறு சான்றிதழ் தேவையில்லை. "பெரியவரே, நீங்கள் வாருங்கள்" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். அப்போது அண்ணன் வாயைத் திறந்தார்.

"இந்தக் கடையிலயா?" என்று நல்ல மலாயில் கேட்டார். "சாஸ் முழுக்க மாவு. இறைச்சி லோரி டயர். பின்னால தோங்ல முழுசு முழுசா கெடக்கு, பன்னிகூடத் திங்காது. எட்டு ஊர் பாத்தவன் நான். இந்த மாதிரிக் கடையில நிக்க மாட்டேன்."

தவுக்கேயின் கழுத்து நரம்பு புடைத்தது. வெட்டுக்கத்தி கொஞ்சம் உயர்ந்தது. பிறகு அது என் பக்கம் திரும்பியது.

"நீ? உனக்கும் ஏதாவது கருத்து இருக்கிறதா?"

"இல்ல தவுக்கே."

"இறைச்சியைப் பற்றி?"

"ஒண்ணுமே தெரியாது தவுக்கே."

"பின்னால் போய்ப் படு. நாளைக் காலையிலிருந்து வேலை."

லோரி உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கொண்டுபோய்க் கோசு மூட்டைகள் மேல் வீசினேன்.

"முருகன் மேல சத்தியம் பண்ணீங்களேண்ணே! ஒரு வார்த்த பேசாம இருந்தா நீங்க உள்ள இருந்திருப்பீங்க. வயசான காலத்துல தாப்பாவுல எவன் வேலை குடுப்பான்?"

"நாக்கு லா தம்பி. என்ன பண்றது?" என்றார். ஏறி உட்கார்ந்தார். "இருமலுக்கு இஞ்சி தட்டிப் போட்டு, பால் ஊத்தாம, தே-ஓ குடி."

லோரி வளைவில் திரும்பும்போது அவர் கையைத் தூக்கினார். நான் தூக்கவில்லை. ஊர் ஊராகப் போய்க் கெடுகிற கிழவன் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு, கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே போய்ப் படுத்துவிட்டேன். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஈப்போவில் இருக்கிறார் என்றார்கள். சித்தியவானில் என்றும் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தவுக்கே என்னைக் காலால் தட்டி எழுப்பித் தொட்டியைக் காட்டினார். முந்தின நாள் வந்தவர்கள் சாப்பிட்ட தட்டுகள் கழுவ ஆளில்லாமல் குவிந்து கிடந்தன. சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் தட்டை எடுத்தேன். அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் ஒன்றும் இல்லை. ஒரு துண்டு இறைச்சி இல்லை, ஒரு பட்டாணி இல்லை. சாஸைக்கூட ரொட்டியால் துடைத்துத் தின்றிருந்தார்கள். முப்பத்தாறு தட்டு. பின்பக்கம் போய்த் தோங்கைத் திறந்தேன். அடியில் கொஞ்சம் முட்டை ஓடு, வெங்காயத் தோல், வெள்ளையாகச் சப்பிய எலும்புகள்.

மூடியைப் பிடித்தபடி நின்றேன். தவுக்கே உள்ளேயிருந்து கத்தினார். திரும்பிப் போய்த் தட்டுகளைக் கழுவினேன்.

முப்பது வருஷத்தில் ஒரு தட்டைப் பற்றிக்கூட அந்த மனிதர் பொய் சொன்னதில்லை. சொன்ன ஒரே பொய்யில் நான் பதினொரு மாதம் சோறு தின்றேன்.