சட்டப்படியாரும் ஓர் ஆட்டுக்கிடாவும்

நடவு முடிந்த வயலில் கோரை தலைகாட்டாமல் இருக்குமா? நாலு பேர் கூடி ஒரு நல்ல காரியத்தை முடிவு செய்த இடத்திலும் அப்படித்தான், ஒரு சட்டப்படியார் எழுந்து நிற்காமல் இருக்க மாட்டார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூட்டத்துக்குக் கடைசியில் வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், எல்லோரும் பேசி முடித்து, தலையாட்டி, டீயும் வந்து, ஆளுக்கொரு கிளாஸைக் கையில் எடுக்கிற நேரமாகப் பார்த்துத் தொண்டையைச் செருமுவார்.

"ஒரு சின்ன சந்தேகம்."

டீ ஆறிவிடும்.

சட்டப்படியார் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. படித்திருந்தால் வாயைத் திறக்கவே ஃபீஸ் கேட்டிருப்பார். அவர் கையில் ஒரு போன் இருக்கும், போனில் ஏதோ ஒரு சட்டத்தின் பிடிஎஃப் இருக்கும், அதில் முதல் பக்கம் மட்டும் படிக்கப்பட்டிருக்கும். ஒரு பிரிவு எண்ணைச் சொல்வார். யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். யாராவது எதிர்த்தால் "நான் தடுக்கல, எச்சரிக்கிறேன்" என்பார். அதற்கும் மசியாவிட்டால் கடைசி அஸ்திரம்: "நாளைக்கு ஒருத்தன் பெட்டிஷன் போட்டா?" அந்த ஒருத்தன் யார்? எந்த ஊர்? இதுவரை யாரும் அவனைக் கண்டதில்லை. ஆனால் அவனுக்குப் பயந்து நின்றுபோன காரியங்கள் டெல்டாவில் வாய்க்காலைவிட அதிகம்.

இத்தனை விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? குடவாசல் பக்கத்துச் சட்டப்படியார் நான்தான். பத்திரிகை நிருபராகப் பல வருஷம் கோர்ட் வாசலில் நின்றிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வெட்டுகிறவர் ஆபரேஷன் செய்யலாம் என்றால் நானும் சட்டம் பேசலாம். பேசுகிறேன்.

போன ஆவணியிலும் பேசினேன். எங்கள் ஊரில் அம்சம் என்று ஒருவர், நடவுக்கும் களைக்கும் போகிறவர். முந்தைய ஐப்பசி மழையில் அவர் வீட்டுக் கூரை விழுந்துவிட்டது. அதிலிருந்து அவரும் மகளும் நீலத் தார்ப்பாய்க்குக் கீழேதான் குடித்தனம். அடுத்த மழைக்குள் தகரக் கூரை போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று ஊரில் கூடினோம். விவசாயி வைரக்கண்ணு தன் ஆட்டுக்கிடாவைப் பரிசாகத் தருவதாகச் சொன்னார். நூறு ரூபாய்க்கு ஒரு சீட்டு, பானையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பது, வருகிற பணம் கூரைக்கு. பத்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. டீ வந்தது.

நான் செருமினேன்.

நம் மாநிலத்தில் லாட்டரிக்குத் தடை இருப்பது தெரியுமா என்று கேட்டேன். தர்மத்துக்குத்தானே என்றார்கள். தர்மத்துக்குத் தனியாகச் சட்டம் கிடையாது என்றேன். காசு, அதிர்ஷ்டம், பரிசு மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் அது லாட்டரி; ஒன்றை எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று விளக்கினேன். முதல் கூட்டத்தில் காசை எடுத்துப் பார்த்தோம். அப்போ கூரைக்குப் பணம் ஏது என்று ஒருவர் கேட்டுவிட்டார். அடுத்த வாரம் பரிசை எடுத்தோம். அன்றைக்குப் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இதற்கிடையில் வைரக்கண்ணு வீட்டுக் கொல்லையில் கட்டிக்கிடந்த கிடா, அகத்திக்கீரை தின்று நாலு கிலோ ஏறியிருந்தது. என் சட்ட ஞானத்தால் பலனடைந்த ஒரே உயிர்.

மூன்றாவது கூட்டத்துக்கு அம்சமே வந்திருந்தார். நான் பேசியதை எல்லாம் நின்றபடியே கேட்டார்.

"சட்டமெல்லாம் சரிங்க சார். கூரை மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அன்றைக்கு நான் அவசரமாக அதிர்ஷ்டத்தை எடுத்தேன். குலுக்கல் வேண்டாம், திறமைப் போட்டி வையுங்கள். சரியாகச் சொல்பவருக்குக் கிடா. குறுவை அறுப்பு முடிந்து வைரக்கண்ணுவின் களத்தில் நெல் குவிந்து கிடந்தது. குவியல் எத்தனை சிப்பம் தேறும்? நாற்பது கிலோ மூட்டைதான் சிப்பம் என்பதையும் விதியில் சேர்க்கச் சொன்னேன். ஊரே சிரித்தது. இதில் என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

போட்டியன்று விளங்கியது. நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் குவியலை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், ஒரு பிடி அள்ளினார்கள், ஒரு மணியைப் பல்லில் கடித்தார்கள், எழுதிப் போட்டுவிட்டு நிழலுக்குப் போனார்கள். நான் மட்டும் டேப்பை வைத்து உயரமும் சுற்றளவும் அளந்து, பள்ளிக்கூடத்தில் படித்த கூம்பின் கன அளவை ஞாபகப்படுத்தி, போனில் பெருக்கி வகுத்து அறுபத்திரண்டு என்று எழுதினேன். நெல்லைச் சாக்கில் பிடித்து எடை போட்டார்கள். நாற்பத்தொரு சிப்பம். சீட்டுகளைப் பிரித்தார்கள். நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. அதற்கடுத்ததும் நாற்பத்தொன்று. ஒருவர் தாளை ஒருவர் பார்த்தார்களா? எதற்குப் பார்க்க வேண்டும்? பிறந்ததிலிருந்து நெல்லைப் பார்க்கிற ஊரில் நெல்லைக் கொண்டு திறமைப் போட்டி வைக்கலாம் என்று எந்த மேதைக்குத் தோன்றும்?

ஒரே ஒரு கிடா. என்னைத் தவிர ஊர் மொத்தமும் ஜெயித்தவர்கள்.

"வேற வழியில்ல. பேரெல்லாம் பானையில போட்டுக் குலுக்கிடலாங்களா?" என்றார் வைரக்கண்ணு. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாதமாக நான் கட்டிய அணை உடைந்து, வெள்ளம் புறப்பட்ட மதகுக்கே வந்து நின்றது. நான் செருமினேன். தெற்கே இடி ஒன்றும் செருமியது.

"கிடாவ அறுத்துடுங்க. எல்லாருந்தான ஜெயிச்சிருக்கீங்க" என்றார் அம்சம்.

இதைத் தடுக்க ஒரு பிரிவு உண்டா என்று மனசுக்குள் வேகமாகப் புரட்டினேன். கிடைக்கவில்லை. அன்று மாலையே இரண்டு பேர் கும்பகோணத்துக்கு வண்டி எடுத்துப் போய்த் தகர ஷீட் ஏற்றி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூரை ஏறியது, கிடா இறங்கியது.

கறி விருந்து புதுக் கூரைக்குக் கீழேயேதான். மற்றவர்களோடு நானும் பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டுக்கொண்டே வந்த வைரக்கண்ணு என் முன்னால் நின்றுவிட்டார்.

"சார், ஜெயிச்சவங்களுக்குத்தான் பரிசு. அறுபத்திரண்டு எழுதினவருக்குச் சட்டப்படி இலை கிடையாதுங்களே?"

பந்தி கை நனைக்காமல் காத்திருந்தது. யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்ன சட்டம் சரி. ஊரில் ஒருவர் சட்டத்தைச் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். குழம்பு வாளியோடு வந்த அம்சம் ஓர் இலையை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"உக்காருங்க சார். நாளைக்கு ஒருத்தன் பெட்டிஷன் போட்டா பாத்துக்கலாம்."

சிரிப்பு அடங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. இப்படி இலை போட்டது செல்லுமா என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து இருந்தது, சொல்லவும் செய்தேன். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. கறி நன்றாக இருந்தது.

நீங்கள் இதைப் படித்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் நடுவில் எங்கோ ஓரிடத்தில், "நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு திறமைப் போட்டி நடத்துவதற்கும் அனுமதி வேண்டுமே, அதை வாங்கினார்களா?" என்று உங்கள் தொண்டை லேசாகக் கரகரத்ததா? பரவாயில்லை, கூச்சப்படாமல் வாருங்கள். கடைசி வரிசைதான், கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன்.