ஆன்செல்ம் புள்ளியியல் கற்று மாவு வழக்கில் பொருத கதை

கறுப்பங்கிக் காவலனே, வெண்கழுத்துப்பட்டித் தோன்றலே, மூச்சுவிடாமல் வாதாடி எதிரியை உறங்கவைக்கும் பேராற்றலோய், பிரஸல்ஸ் மாநகர வணிக நீதிமன்றப் படிகளில் கொட்டும் மழையிலும் குடை மடக்கி நிமிர்ந்தேறும் 'மேத்ர்' என்று ஊர் மரியாதையாய் விளிக்கும் வழக்கறிஞர் ஆன்செல்ம் வெர்ஹேகனே, நீ வாழி! நின் வீரம் பாடப் புகுந்தேன். பாடி முடிக்கும்வரை எனக்குச் சிரிப்பு வராமல் கலைமகள் காப்பாளாக.

மாவாலை முதலாளிகள் நால்வர் ஒரு விடுதியில் கூடி, சிப்பிக் கறியும் பீரும் முடித்து, இனி நமக்கு ஒரே விலை என்று கைகுலுக்கினர். வணிகப் போட்டியைக் காக்கும் ஆணையம் மோப்பம் பிடித்து நால்வரையும் குற்றவாளிகள் என்றது. உடனே ரொட்டிக்காரர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவி உகெத் லாம்பியோத். மாவு விலை தாளாமல் இரண்டு கடையில் ஒன்றை மூடியவள். வழக்குத் தோற்றால் மற்றதும் போகும்.

நால்வரில் மூத்த முதலாளிக்காக வாளுருவியவரே நம் வீரர். கூட்டுச் சேர்ந்ததை மறுக்க வழியில்லை. சேர்ந்தும் விலை ஏறவில்லை என்று நிறுவினால் போதும். அதற்குப் புள்ளியியல் தேவைப்பட்டது. ஆகவே, சட்ட வேழங்களுக்கென்றே நடந்த இரண்டு நாள் வகுப்புக்கு அந்தப் பெருந்தகை எழுந்தருளினார். பொருளியல் ஆசிரியை லீஸ்பெத் பலகையில் 'சராசரி' என்று எழுதிய கணமே சிங்கமென எழுந்து ஆட்சேபம் தெரிவித்து, எண்களைக் குறுக்கு விசாரணை செய்து, பாவப்பட்ட ஒரு வளைகோட்டை அதன் பூர்வீகம் கேட்டு மிரட்டி, சக வழக்கறிஞர்கள் மேசை தட்டி ஆர்ப்பரிக்க வெற்றிக்களிப்புடன் அமர்ந்தார்.

"மேத்ர், அது சாட்சி இல்ல, வெறும் சராசரி. அதட்டினா மாறாது," என்றாள் லீஸ்பெத். "கூட்டுல சேராத ஆலை ஒண்ணோட விலையை உங்க ஆலை விலைக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கோ, அதான் நஷ்டம்."

எவ்வளவு எளிய வாக்கு! ஆனால் முன்தீர்ப்பு தேடியே முதிர்ந்த மூளை அது. நம் வழக்கை அச்சு அசலாக ஒத்த பழைய வழக்கு எதுவோ அதைத் தூக்கிவந்தால் வெற்றி என்பதே அவர்கள் குலநெறி. ஒப்பிட ஆலை தேடவும் அதே நெறிதானே! அவர் இரவல் வாங்கிய விலைப் பட்டியல்களைக் கலக்கிக் கடைந்து, தம் கட்சிக்காரரின் விலையோடு மயிரிழையும் பிசகாமல் ஒத்துப்போன ஒன்றைக் கண்டெடுத்தார். சேர்ந்ததா சேராததா என்று பார்ப்பதெல்லாம் குமாஸ்தா வேலையல்லவா?

போர்நாள் வந்தது. திரையில் தம் படத்தை ஏற்றி, அங்கி சிறகென விரிய, நீதிபதி ஒதீல் அம்மையாரை நோக்கி முழங்கினார்: "காண்மின், காண்மின்! எம் ஆலையின் கோடும் இவ்வாலையின் கோடும் ஈருடல் ஓருயிராய் இழைந்தோடும் எழில் காண்மின்! ஒரு சென்ட் வேற்றுமை உண்டோ? இடைவெளி இல்லை, ஆதலின் நஷ்டமும் இல்லை!"

"நல்லாத்தான் ஒட்டிப் போகுது, மேத்ர்," என்றார் நீதிபதி. "அந்த ரெண்டாவது ஆலை யாரோடது?"

"தெக்ரூட் ஆலை!" என்று மார்தட்டினார் மாவீரர்.

பின்வரிசையில் உகெத்தால் அடக்க முடியவில்லை. "அட ஆண்டவரே! அதுவும் அந்த நாலுல ஒண்ணுதானே! திருடனுக்குப் பக்கத்துல திருடனை நிறுத்தி அளந்தா, ரெண்டு பேரும் ஒரே உயரமாத்தான்யா இருப்பானுங்க!"

அவையே சிரித்தது, அங்கி சுருங்கியது. கூட்டு இத்தனை விசுவாசமாக நிறைவேறியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்று நீதிபதி அந்தப் படத்தையே பதிவில் ஏற்றினார். கூட்டில் சேராத ஆலையின் விலையை ரொட்டிக்காரர் தரப்பு அதன் பக்கத்தில் வைத்தது. இடைவெளி வாய்பிளந்து நின்றது. நஷ்டஈடு தரத் தீர்ப்பாயிற்று.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட அந்தச் சூரர், பின்னாலேயே கட்சிக்காரர் வசைமாரி பொழிய, மேல்முறையீடு மேல்முறையீடு என்று திக்கெட்டும் அதிர முழங்கியவாறே, வெற்றிகொண்ட வேந்தன்போல் படியிறங்கி மழைக்குள் மறைந்தார்.

மறுநாள் காலை உகெத் வழக்கம்போல் கடையைத் திறந்தாள்.