சீனர் ஒருவர், வடகரை

அரசாங்கப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது. தெருக்குழாய் காலியாக இருக்கலாம். ஆஸ்பத்திரி மருந்து அலமாரி காலியாக இருக்கலாம். கட்டம் மட்டும் நிறைந்திருக்க வேண்டும். இந்த விவரம் தெரியாமல்தான் வடகரை தங்கசாமி மகன் நல்லக்கண்ணு, 1961 சீசனுக்குக் குற்றாலத்தில் நூடுல்ஸ் கடை போட லைசென்சு கேட்டுப் போனான்.

பினாங்கில் ஒரு சீனருடைய கடையில் ஒன்பது வருஷம் சட்டி பிடித்தவன் அவன். கொண்டுவந்த பணத்தையெல்லாம் கார் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகையிலும் ஆறு பெஞ்சிலும் போட்டாகிவிட்டது. அது போனால் அவனுக்கு வேறு பிழைப்பில்லை.

லைசென்சு குமாஸ்தா காந்திமதிநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தை விரித்தார்.

“சைவமா, அசைவமா?”

“சைனீஸ், அண்ணாச்சி.”

“சரி, சீன ஓட்டல். சமையல்காரர் என்ன சாதி?”

நல்லக்கண்ணு தன் சாதியைச் சொன்னான். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அதெப்படி வே? பிராமணாள் ஓட்டல்னு போர்டு போட்டா அடுப்படியில பிராமணாள் நிக்கணும். சைவப் பிள்ளைமார் கிளப்புன்னா பிள்ளைமார் கரண்டி பிடிக்கணும். சீன ஓட்டல்னா யாரு நிக்கணும்?”

“சீனாக்காரன் நிக்கணும். ஆனா இங்கன நான்லா நிக்கேன்?”

“அப்ப நீரு யாரு?”

குமாஸ்தாவே பெரிய மனசு பண்ணி, ‘சமையல்காரர் சாதி: சீனர்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரையும் குத்தினார். என்ன எழவையோ எழுதிக்கொள்ளட்டும், அடுப்பு எரிந்தால் போதும் என்று நல்லக்கண்ணு கும்பிட்டுவிட்டு வந்தான்.

அடுப்பு நன்றாகவே எரிந்தது. தட்டு முப்பது நயா பைசா. அருவியில் நனைந்து நடுங்கி வருகிறவனுக்குச் சுடச்சுட ஒரு தட்டு போதும், உயிர் வந்துவிடும். ஆனால் ஊர்ப் பெரிய மனிதர்கள் பசிக்காகவா வந்தார்கள்? தென்காசியில் மூன்று பங்களாவும் அச்சன்புதூரில் வயலும் உள்ள வீரபாகு, வீட்டில் மனைவி சொக்கம்மாள் பிழிந்து வைத்த இடியாப்பத்தை நூல்கண்டு என்று திட்டிவிட்டு, இங்கே வந்து முள்கரண்டியோடு மல்லுக்கு நிற்பார். பாதி வாய்க்குப் போகும், பாதி ஜிப்பாவில் தொங்கும். தொங்குவதுதான் நாகரிகம் என்று ஊர் முடிவு செய்தது. மறுவாரம் நல்ல ஜிப்பா வைத்திருந்த எல்லார் நெஞ்சிலும் நூடுல்ஸ் தொங்கியது.

ஒருநாள் மைதா தீர்ந்துபோய், நல்லக்கண்ணு வீட்டு இடியாப்பத்தையே முட்டை போட்டுக் கிளறி வைத்தான். “இதுதான் அசல் சைனீஸ்! இதுவரைக்கும் எங்களை ஏமாத்திட்டேரே வே!” என்று வீரபாகு இரண்டாம் தட்டு வாங்கினார். ஓசித் தட்டு சாப்பிடத் தினமும் வரும் காந்திமதிநாதனும் தலையை ஆட்டினார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் சீனாவோடு எல்லையில் சண்டை மூண்டது. ‘தங்கள் எல்லைக்குள் வசிக்கும் சீனர்களின் பட்டியலை உடனே அனுப்புக. ஒருவரும் இல்லையென்றால் இல்லை என்று அனுப்புக’ என மேலிடத்து உத்தரவு வந்தது. சுற்றுவட்டாரத்து ஆபீசுகளெல்லாம் ‘இல்லை’ என்று எழுதிச் சும்மா இருந்தன. காந்திமதிநாதன் பதிவேட்டைப் புரட்டினார். அவருடைய ஆபீசில் மட்டும் ஒரு சீனர் இருந்தார்! ‘சீனர் ஒருவர், பெயர் நல்லக்கண்ணு, தகப்பனார் தங்கசாமி, ஊர் வடகரை’ என்று எழுதி அனுப்பினார். அன்று முழுவதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பிடிக்க வந்த ஏட்டு பரமசிவனும் வடகரைக்காரர்தான். மூன்றாம் வகுப்பில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு.

“ஏலே நல்லக்கண்ணு, உன்னைப் பிடிச்சு வடக்க முகாமுக்கு அனுப்பச் சொல்லிருக்கு.”

“என்னை உனக்குத் தெரியாதாலே? எங்கப்பனைத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும்லே. காகிதத்துக்குத் தெரியலையே.”

விசாரிக்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஆபீஸ் வாசலில் கூட்டம் சேர்ந்து, சீனனை விரட்டு என்று கத்தியது. முன்வரிசையில் வீரபாகு. சட்டியைக் கண்டதும் பல்லை இளித்த வாய்களெல்லாம் இப்போது நல்லக்கண்ணுவைக் கடித்துக் குதற நின்றன.

அதிகாரி நியாயஸ்தர். இரண்டு பக்கமும் யோசித்தார்.

“நீ சீனன் என்றால் முகாம். சீனன் இல்லை என்றால், இல்லாத சீனனைச் சொல்லி ஒரு வருஷம் பொதுமக்களை ஏமாற்றியிருக்கிறாய். அது மோசடி, ஜெயில். எது வேண்டும்?”

“எசமான், மோசடின்னே வச்சிக்கிடுங்க. ஆனா ஏமாந்தது யாருன்னு கேளுங்க. அவுகளும் வந்து சாட்சி சொல்லட்டும்.”

அதிகாரி வாசலுக்கு வந்து கேட்டார். “இவர் கடையில் சாப்பிட்டவர்கள் கையைத் தூக்கலாம்.”

ஒரு கைகூட எழவில்லை. சண்டைக்காலத்தில் சீனச் சாப்பாடு சாப்பிட்டேன் என்று எவன் சொல்வான்?

“நான் அந்தப் பக்கமே போனதில்ல,” என்றார் வீரபாகு.

“எனக்கு வாசனையே ஆகாது,” என்றார் காந்திமதிநாதன்.

அதிகாரி அரைமணி நேரம் எழுதினார். ஒருவரும் சாப்பிடவில்லையாதலால் அங்கே ஒன்றும் விற்கப்படவில்லை. ஒன்றும் விற்காத இடம் ஓட்டல் ஆகாது. ஓட்டலே இல்லாதபோது சமையல்காரரும் இல்லை. சமையல்காரர் இல்லாதபடியால் சீனரும் இல்லை. ஆகவே மேற்படி நல்லக்கண்ணு விடுவிக்கப்படுகிறார். மேற்படி லைசென்சு ரத்து செய்யப்படுகிறது.

ஆள் தப்பினான், கடை போயிற்று. நல்லக்கண்ணு இரண்டு நாள் படுத்துக்கிடந்தான். மூன்றாம் நாள் எழுந்து, அதே கொட்டகையில் ‘ஜவான் இடியாப்பக் கடை’ என்று புதுப் பலகை மாட்டினான். சட்டியும் அதுதான், சரக்கும் அதுதான். இந்த ஊருக்கு வேறென்ன வேண்டும்? வீரபாகு முள்கரண்டியோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

“அந்தச் சீனாக்காரன் போட்டதைவிட இது எவ்வளவோ மேல் வே!” என்றார், அந்தப் பக்கமே போயிராதவர்.

காந்திமதிநாதன் ஓசித் தட்டை முடித்துவிட்டுப் புதுப் படிவத்தை விரித்தார்.

“சமையல்காரர் சாதி?”

“அண்ணாச்சி, தயவு பண்ணி அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுருங்க.”

“காலியா விடக் கூடாதே வே. ஜவான் ஓட்டல்னா யாரு நிக்கணும்?”

எழுதி முத்திரை குத்தினார்.

பத்தாம் நாள் மத்தியானம், கடை நிறைந்திருக்கும்போது, பரமசிவன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏலே நல்லக்கண்ணு, கோவிச்சுக்காத. பட்டாளத்துக்குத் திரும்பாம ஊருல தங்கியிருக்க ஜவான்களைப் பிடிச்சு எல்லைக்கு ஏத்தச் சொல்லி உத்தரவு. நம்ம ஆபீசுப் பதிவேட்டுல மட்டும் ஒரு ஆளு இருக்காம்.”

நல்லக்கண்ணு கரண்டியும் கையுமாக வீரபாகுவைத் திரும்பிப் பார்த்தான். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க! நான் இங்கன நித்தம் உங்களுக்குச் சமைச்சுப் போடுதவன்தானே?”

பெஞ்சுகளில் இருந்த பதினேழு பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். வீரபாகு ஜிப்பாவில் தொங்கியதைத் தட்டிவிட்டார்.

“கடையா? நாங்க மழைக்கு ஒதுங்குனவங்கல்லா வே,” என்றார்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.