ஸ்படிகாவுக்கு இன்னும் இருநூறு

"நான் ஊர்ல இல்லேன்னு சொல்லிடும்மா," என்றார் தேசிகன், மேஜைக்கு அடியிலிருந்து. கீழே விழுந்த பேனாவைத் தேடுகிற பாவனை. பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதன் சின்னக் கண்ணாடியில் தெரிந்தது எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் ஸ்படிகா சாஃப்ட்வேர் கம்பெனியின் நம்பர்.

"நீங்க எதுக்கு சார் பயப்படறீங்க? எழுதினது நான்."

"எழுதினது நீ. அச்சடிச்சது நான். கேஸ் போட்டா என் பேர்லதான் போடுவான்."

'போர்டு அண்ட் சோல்டர்' என்பது எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவர்களுக்கான ஆங்கில மாத இதழ். சிவாஜிநகரில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகளிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. தேசிகன் அதன் உரிமையாளர், ஆசிரியர். மற்ற எல்லாம் வேதநாயகி. அந்த மாதம் 'ஹாட் அயர்ன்' என்ற தன் பத்தியில் அவள் ஸ்படிகாவைப் பெயர் சொல்லியே கிழித்திருந்தாள். புதுப் பட்டதாரிகளுக்கு வேலை என்று கை குலுக்கிவிட்டு, சேரும் தேதி சொல்லாமலே வருஷக்கணக்கில் காக்கவைக்கும் கம்பெனி என்று எழுதியிருந்தாள். காத்துக்கொண்டிருந்தவர்களில் தானும் ஒருத்தி என்பதை மட்டும் எழுதவில்லை.

அவள் போனை எடுத்தாள்.

"மேடம், ஸ்படிகா அட்மின்லேந்து மைக்கேல்ராஜ் பேசறேன். இந்த மாச புக்கு வந்துச்சு."

"படிச்சீங்களா?"

"வந்துச்சு மேடம். அதைப் பத்தித்தான் பேசணும். பத்தல. இன்னும் இருநூறு காப்பி அனுப்ப முடியுமா?"

வேதநாயகி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "இன்னும் இருநூறு காப்பி வேணுமாம் சார்."

தேசிகன் எழுந்த வேகத்தில் மேஜை தலையில் இடித்தது. "எதுக்கு? கோர்ட்டுல காட்டவா?"

"கோர்ட்டுல காட்ட ஒண்ணு போதும் சார்."

அன்று மாலை சந்தாபுரா பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோதும் அவளுக்குக் கால் வலிக்கவில்லை. திட்டு வாங்கியவனே இன்னும் இருநூறு பேருக்குக் கொடுக்கிறான் என்றால் எழுத்தில் ஏதோ இருக்கிறது. அப்பா முனிகிருஷ்ணன் செங்கல் லாரி ஓட்டுகிறவர். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் வேதநாயகி. அவள் பத்தி வந்த இதழை அவர் லாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அத்திபெலே செக்போஸ்டில் ஆர்.சி. புக்கைக் கேட்டால்கூட முதலில் அதைத்தான் நீட்டுவார்.

"பொண்ணு இன்ஜினியருங்களுக்கே புக்கு போடுது சார்."

"லைசென்ஸ் எடுப்பா," என்பார் போலீஸ்காரர்.

பெருமை ஒரு பக்கம் இருக்க, இதழ் செத்துக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் இதழ் இலவசம். கேட்கிற கம்பெனிக்குக் கேட்டபடி அனுப்ப வேண்டும். இத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டி விளம்பரம் வாங்க வேண்டும். விளம்பரக்காரர்கள் எல்லாம் இன்டர்நெட் பக்கம் போய்விட்டார்கள். தலையணை மாதிரி இருந்த இதழை நடத்தக் கட்டுப்படியாகவில்லை.

தேசிகன் முதல் வைத்தியமாகப் பக்கத்தைப் பாதியாக வெட்டினார்.

மறு மாதமே மைக்கேல்ராஜ் கூப்பிட்டார். "மேடம், இந்தத் தடவை போன தடவை மாதிரி ரெண்டு மடங்கு அனுப்பிடுங்க."

"பார்த்தியா," என்றார் தேசிகன். "நிறைய எழுதினா எவனும் படிக்கிறதில்லே. கம்மியா எழுதினா நன்னா படிக்கிறான்."

"கம்மியா எழுதினது நீங்க சார். என் பத்தி அதே ரெண்டு பக்கம்தான்."

பிரதிகள் கூடியதில் அச்சுக் கூலி ஏறியது. அதைச் சமாளிக்க தேசிகன் வழவழப்பான காகிதத்தை நிறுத்திவிட்டு, நாளிதழ் அச்சடிக்கும் சாதாக் காகிதத்தில் போட்டார். போன் உடனே வந்தது.

"மேடம், கோச்சுக்காதீங்க. இந்தப் பேப்பர் வேணாம். பழைய பேப்பர்லயே போடுங்க. எங்க ஆளுங்க ரொம்ப கஷ்டப்படறாங்க."

"தரம் தெரிஞ்ச வாசகருங்க," என்றாள் வேதநாயகி.

"பழைய மாச புக்கு மிச்சம் இருந்தாலும் குடுங்க மேடம். எந்த வருஷமா இருந்தாலும் பரவால்ல."

வேதநாயகி அன்றே குடோன் சாவியை வாங்கிக்கொண்டாள். பழைய பத்திகளையும் தேடிப் படிக்கிறார்கள். குடோனில் கரையான் தொடாமல் கிடந்த கட்டுகள் எல்லாம் டெம்போ ஏறின.

பழைய காகிதத்துக்குத் திரும்பியதில் செலவு இன்னும் ஏற, தேசிகன் மறுபடி பக்கத்தை வெட்டினார். இதழ் கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு வந்தது. ஸ்படிகா இன்னும் அதிகம் கேட்டது. வேதநாயகியும் இன்னும் காரமாக எழுதினாள். கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி எழுதினாள். மழையில் நின்றுவிடும் கம்பெனி பஸ்ஸைப் பற்றி எழுதினாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெரிய ஆர்டர்.

இதற்கு நடுவில் அந்த ஸ்படிகாவிலிருந்தே அவளுக்கு வேலைக் கடிதம் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை வந்து சேரலாமாம். அப்பா லாரிக்கு மாலையே வாங்கிவிட்டார். வேதநாயகி ஒரே வரியில் பதில் போட்டாள். 'தங்கள் ஊழியர்களுக்கு நான் ஏற்கெனவே வேறு விதத்தில் பயன்பட்டு வருகிறேன்.'

"ஏம்மா, சம்பளம் நல்லா குடுப்பாங்களே," என்றார் முனிகிருஷ்ணன்.

"அங்க போனா நானும் ஒரு ஆளுப்பா. இங்க இருந்தா அவங்க எல்லாரும் என்னைப் படிப்பாங்க."

முனிகிருஷ்ணன் மாலையை வீணாக்காமல் சாமிக்கும் பத்திரிகைக்கும் சேர்த்துப் போட்டார்.

கடைசியாக மிச்சமிருந்த விளம்பரக்காரர் சுஹாஸ். ஓசூரில் சோல்டரிங் கருவி தயாரிக்கும் ஃபேக்டரி வைத்திருந்தார். பின் அட்டை அவருடையது. ஒரு நாள் அவர் நேரிலேயே வந்து உட்கார்ந்தார்.

"தேசிகன் சார், போதும். உங்க புக்கைப் பார்த்துட்டு எனக்கு ஒரு போன் வரல. ராங் நம்பர்கூட வரல."

"சுஹாஸ், சர்குலேஷன் ஏறிண்டே போறது."

"பேப்பர்ல ஏறுது. ஒருத்தன் கையில நான் பார்த்ததில்லையே."

அவர் போனதும் தேசிகன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அமெரிக்காவுல இருக்கற மாப்பிள்ளை வெப்சைட் போட்டுத் தரேங்கறான். சுஹாஸும் போயிட்டா அச்சை நிறுத்திட வேண்டியதுதான்."

"அப்ப நானு?"

"வெப்சைட்டுக்கு ஆளே வேண்டாமாம்மா. அதான் அதுல விசேஷமாம்."

வேதநாயகி மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி, காரில் ஏறப்போன சுஹாஸை மறித்தாள்.

"சார், படிக்கிற ஆளைக் காட்டினா ஒரு வருஷத்துக்குப் பின் அட்டை எடுத்துப்பீங்களா?"

"ஒருத்தனைக் காட்டும்மா, பார்க்கலாம்."

"ஒருத்தன் எதுக்கு? ஒரு பில்டிங்கே காட்டறேன்."

மறுநாள் மூவரும் ஸ்படிகாவுக்குப் போனார்கள். தேசிகன் இருவருக்கும் பின்னால் குனிந்தபடியே வந்தார். கேட்டில் வேதநாயகி பெயரைச் சொன்னதுமே மைக்கேல்ராஜ் டையைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார்.

"நீங்கதானா மேடம் அது. வாங்க, வாங்க. எங்க வைஸ் பிரசிடென்ட்டே உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு."

சுஹாஸின் புருவம் ஏறியது. தேசிகன் முதல் முறையாக நிமிர்ந்து நடந்தார்.

மைக்கேல்ராஜின் அறையில் கூரை வரைக்கும் 'போர்டு அண்ட் சோல்டர்' கட்டுகள். "இது மூணாவது மாடிக்கு. இது ட்ரெய்னிங் பசங்களுக்கு. அடுத்த மாசம் புது பில்டிங் தொறக்கறோம், அதுக்குத்தான் பத்தாது போல," என்று அவர் கவலைப்பட்டார்.

"எல்லாருக்குமேவா?" என்றார் சுஹாஸ்.

"ஒரு சீட்டு விடாம சார். ஒருத்தருக்குக் கெடச்சு பக்கத்துல இருக்கறவருக்குக் கெடைக்கலைன்னா பெரிய சண்டையே வந்துடுது. போன வாரம் ஒரு டீம் லீடர் இன்னொருத்தர் சீட்டுலேந்து திருடிட்டாரு. ஹெச்.ஆர். வரைக்கும் போச்சு."

"நாங்க நிறுத்திட்டா?" என்று தேசிகன் சும்மா கேட்டு வைத்தார்.

மைக்கேல்ராஜின் முகம் வெளுத்தது. "விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க சார். அவ்வளவு பேருக்கும் நான் எங்க போவேன்?"

சுஹாஸ் பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து முழங்கால் மேல் வைத்தார். பேனாவைத் திறந்தார். "சரியாத்தான் சொன்னே, வேதநாயகி. பின் அட்டை மட்டும் இல்ல, உள் அட்டையும் நானே எடுத்துக்கறேன்."

தேசிகன் அவள் பக்கம் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். சும்மா இரும்மா, ஒரு நிமிஷம் சும்மா இரு.

சும்மா இருப்பது மட்டும் வேதநாயகிக்கு எந்தக் காலேஜிலும் சொல்லித் தரப்படவில்லை. இவ்வளவு நடந்தும் ஒருத்தரும் அவள் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இருங்க சார், கையெழுத்து அப்புறம் போடலாம்," என்றாள் சுஹாஸிடம். பிறகு திரும்பினாள். "மைக்கேல்ராஜ் சார், உங்க கம்பெனியையே திட்டித் திட்டி எழுதறேன். நான் திட்டத் திட்ட நீங்க காப்பியை ஏத்திக்கிட்டே போறீங்க. அது ஏன்னு உங்க வாயாலயே இவருக்குச் சொல்லுங்க."

"திட்டினீங்களா?" என்றார் மைக்கேல்ராஜ், குழம்பிப்போய். "அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். கழுத்து வலி வராம இருக்கணும்னா கம்ப்யூட்டர் மானிட்டர் கண்ணு மட்டத்துக்கு இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. முன்னெல்லாம் உங்க புக்கு ரெண்டை அதுக்கு அடியில வெச்சாலே போதும், நீங்க பக்கத்தைக் கொறைச்சதுலேந்து ஒரு மானிட்டருக்கு ஆறு வேண்டியிருக்கு."