கைமள் சாரின் மழை விடுமுறை

காலை ஆறு மணி. சங்கனாச்சேரியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளியின் இணையதளத்தில் விடுமுறைப் பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த மழைக்காலம் தொடங்கியபோதே, விடுமுறை விடுவதா வேண்டாமா என்பதைக் கலெக்டர் பள்ளிகளிடமே விட்டுவிட்டார். தலைமையாசிரியர் ராமபத்ரக் கைமளுக்கோ முடிவெடுப்பதென்றால் பல் பிடுங்குகிற மாதிரி. எதிர்க்கரை கான்வென்ட் பள்ளி விடுமுறை விட்டால் அவரும் விடுவார். அதை இணையதளமே தானாகச் செய்யும்படி அமைத்துத் தரச் சொல்லி கணினி ஆசிரியை பிந்துஜாவைப் பிடித்தார். அவள் வேலையை நிரந்தரமாக்கும் தாள் அவர் கையெழுத்துக்காகக் கிடந்தது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்?

முதலில், விடுமுறைப் பக்கத்தைத் தட்டுகிறவர்களை அப்படியே கான்வென்ட் தளத்துக்கு அனுப்பினாள். திரையின் மேலே கான்வென்ட் முகவரி தெரிந்தது. கைமளுக்கு மானம் போயிற்று.

"முகவரி நம்மளோடதா இருக்கணும் டீச்சரே. விஷயம் எங்கேருந்து வந்தா என்ன?"

அமைப்புக் கோப்பில் விதியை மாற்றினாள். இப்போது முகவரி பள்ளியுடையது, உள்ளே வருவது கான்வென்ட் பக்கம். கான்வென்ட் சின்னம் மட்டும் வழியில் தொலைந்துபோய் வந்து சேரவில்லை. அதையும் அவள் திறமை என்று கைமள் பாராட்டினார். அவள் மறுக்கவில்லை.

போன வாரம் கான்வென்ட் புனிதருக்குத் திருநாள். 'இன்று விடுமுறை' என்று இங்கேயும் வந்துவிட்டது. ஒரு பிள்ளையும் பள்ளிக்கு வரவில்லை. தவறென்று ஒப்புக்கொள்வதைவிட மத நல்லிணக்கம் என்று சொல்வது கைமளுக்குச் சுலபமாக இருந்தது. பத்திரிகையில் அவர் படம்கூட வந்தது.

இன்று பக்கமே வரவில்லை. ஏழு மணிக்குப் பேருந்துகள் கிளம்ப வேண்டும். கைமள் போனில் வந்தார்.

"அதுக்குள்ள பக்கம் திறக்கலேன்னா அந்தத் தாள் டிராயருக்குள்ள போயிடும்."

கான்வென்ட் பக்கம் வரும்வரை தளம் காத்திருக்கும் நேரத்தைப் பிந்துஜா கூட்டிப் பார்த்தாள். பள்ளித் தளம் மொத்தமும் படுத்துவிட்டது. கான்வென்ட் தளத்தை நேரே திறந்தாள். அதுவும் சுற்றியது. அப்படியானால் கோளாறு அவர்களுடையதுதான் என்று அவளுக்கு உயிர் வந்தது. கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுத்தபோது அதுவே அடித்தது. கான்வென்டில் கணினி பார்க்கும் சிஸ்டர் லின்சி.

"டீச்சரே, உங்க விடுமுறைப் பக்கத்துக்கு என்ன ஆச்சு? எங்க திருநாளுக்கு நீங்களும் லீவு விட்டதுல மதர் உருகிப்போயிட்டாங்க. இனிமே கைமள் சார் முடிவுதான் நம்ம முடிவுன்னுட்டாங்க, நேத்து சாயங்காலத்துலேருந்து எங்க தளத்துல உங்க பக்கம்தான் வருது."