சூலத்தை ஜெயித்த சுற்றுலா

தேனி,
திங்கட்கிழமை.

ஜெயமங்கலத்தில் வாழைக்காய் கமிஷன் மண்டி வைத்திருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் லிங்கேஸ்வரன் அவர்களுக்கு, தேனி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து சென்ற வருடம் ஓய்வு பெற்ற உங்கள் தங்கை வீட்டுக்காரர் சீனிச்சாமி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை முத்துமாரியம்மாளும் பூரண சுகம். அங்கே எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். நலம் விசாரிப்பை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய விஷயம் பெரிது.

சின்னமனூரில் நடந்த காதுகுத்தில், பந்தியில் அத்தனை சொந்தபந்தமும் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. "எங்க மாப்பிள்ளை ஊரு ஒலகத்துக்கெல்லாம் பஸ் அனுப்புவாக, எந் தங்கச்சிய மட்டும் சுருளி அருவியத் தாண்ட விட மாட்டாக" என்றீர்கள். அன்றைக்கு எனக்குப் பாயசம் இறங்கவில்லை. கல்யாணமான புதிதில் அவளுக்குத் தாஜ்மகால் காட்டுகிறேன் என்று நான் சொன்னது உண்மை, முப்பத்தொரு வருடமாகக் காட்டாததும் உண்மை. ஆனால் குற்றம் என்மேல் இல்லை மச்சான். கல்யாணமான முதல் மாதமே உங்கள் தங்கை எனக்குச் சொல்லிவிட்டாள், சூலம் பார்க்காமல் வாசற்படி தாண்ட மாட்டேன் என்று. திங்களும் சனியும் கிழக்கே ஆகாது, செவ்வாயும் புதனும் வடக்கே ஆகாது, வியாழன் தெற்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. இந்தக் கணக்கில் இந்தியாவைச் சுற்றுவதென்றால் விளையாட்டா?

முதலில் ஒரு டூர் கம்பெனிக்காரரிடம் போனேன். டெல்லி, ஆக்ரா, காசி, பத்தே நாள் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். பார்த்தால் ஆக்ராவிலிருந்து கிழக்கே காசிக்குத் திங்கட்கிழமை ஏற்றுகிறார். நான் சூலத்தை எடுத்துச் சொன்னதற்கு, அண்ணே, ரயிலுக்குச் சூலம் தெரியாதுண்ணே என்று சிரித்தார். நான் அந்தக் காகிதத்தை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, நாள்காட்டியையும் இந்தியா மேப்பையும் கூடத்துச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒரு மாதம் உட்கார்ந்து நானே ரூட் போட்டேன். ரயில் ஏறும் கிழமைதான் கணக்கு என்று ஜோசியரிடம் உறுதி செய்துகொண்டேன்.

கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. கிழக்கே மதுரை, அன்றைக்கே வடக்கே டெல்லி ரயில், சனிக்கிழமை இறங்கி, ஞாயிற்றுக்கிழமை தெற்கே ஆக்ரா. தாஜ்மகாலைப் பார்த்ததும் உங்கள் தங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் திங்கள், காசிக்குப் போக முடியாது, ஆகவே மேற்கே ஜெய்ப்பூர் போனோம். அங்கே நாங்கள் உட்கார்ந்திருந்த ஒட்டகம் திடீரென்று எழுந்த வேகத்தில் என் மூக்குக்கண்ணாடி கீழே விழ, ஒட்டகம் சாவகாசமாக அதன்மேல் காலை வைத்து நடந்தது. செவ்வாய்க்கிழமை திரும்பவும் ஆக்ரா வந்தோம், கண்ணாடி இல்லாததால் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பார்த்த இரண்டாவது தாஜ்மகால் எனக்குப் பெரிய இட்லி மாதிரிதான் தெரிந்தது. புதன்கிழமை கிழக்கே வண்டியேறி, வியாழன் காசி, அங்கே விசுவநாதரும் எனக்கு மங்கல்தான். ஊர் திரும்ப அன்றைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது, வியாழன் தெற்கே ஆகுமா? விட்டேன் டிக்கெட்டை. சனிக்கிழமை வரை காசியில் இருந்து, வடமேற்கே ஹரித்வார் போய், கங்கையில் முங்கி, குளிரில் எனக்குப் பல் கிட்டிப் பேச்சே வராமல் ஒரு மணி நேரம் சைகையில் குடும்பம் நடத்தினேன். செவ்வாயன்று டெல்லி, புதன்கிழமை தெற்கே ரயில். அது வெள்ளிக்கிழமை மதுரைக்கு வந்தது.

இங்கேதான் மச்சான், என் திட்டத்தின் உச்சம். தேனி மேற்கே, அன்று வெள்ளி. இரண்டு மணி நேரத்தில் வீடு, ஆனால் போகக்கூடாது. எனக்கே ஆசை தட்டியது, ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துவிட்டுப் போனால் பரிகாரம் ஆகிவிடும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "பரிகாரமெல்லாம் ஆத்திர அவசரத்துக்குத்தான், நமக்கு இப்ப என்ன அவசரம்?" என்றாள். அந்த வைராக்கியத்துக்கு முன்னால் நான் தலை வணங்கினேன். லாட்ஜில் ரூம் போட்டு, ஒரு சுங்குடிச் சேலை எடுத்து, ஒரு சினிமா பார்த்து, சனிக்கிழமை காலை ராஜநடையாக வீடு வந்து சேர்ந்தோம்.

பதினேழு நாள். ஒரு நாள்கூட, ஒரு திசையில்கூட, சூலம் எங்கள்மேல் படவில்லை. இப்படி ஒரு ரூட்டை இந்தத் தேனி ஜில்லாவில் இதுவரை எவனும் போட்டதில்லை, இனிமேல் போடப்போவதும் இல்லை. எனவே ஆவணியில் நம் குடும்பத்தில் நடக்கும் கல்யாணத்தில், அதே சொந்தபந்தத்துக்கு முன்னால், சொன்ன வார்த்தையை நீங்கள் வாபஸ் வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசிகளும், மண்டியில் என்னைக் கேலி பேசும் கணக்குப்பிள்ளைக்கு என் விசேஷ விசாரிப்பும்.

இப்படிக்கு,
வெற்றியுடன்,
சீனிச்சாமி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். சூலம் வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், மதுரை லாட்ஜ் வரும்வரை நிறுத்தவில்லை. என்னவென்று கேட்டேன். "நான் எங்க சூலம் பாத்தேன்? ஒங்களுக்குச் சனிக்கெழமதான லீவு. சனிக்கெழமயானா ஆண்டிபட்டிக்கு ஒங்க அக்கா வீட்டுக்குக் கெளம்பிருவீக. அங்கன போனா நாள் முச்சூடும் நான்தான் மாவாட்டணும். அதான் கெழக்க சூலம்னு ஒரு வார்த்த சொன்னேன். நீங்க அத இம்புட்டு நம்புவீகன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

அப்படியானால் இந்தப் பதினேழு நாளில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே என்றேன். டூர்க்காரர் காகிதப்படி போயிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும், முப்பத்தொரு வருடம் காத்திருந்தவள் நடுவில் வாயைத் திறந்து ஏழு நாளைக் கெடுத்துக்கொள்வேனா என்று திருப்பிக் கேட்டாள். சரி, இப்போதுதான் உண்மை தெரிந்துவிட்டதே, இந்தச் சனிக்கிழமை காசியில் வாங்கிய லட்டு கொடுக்க அக்கா வீட்டுக்குப் போய் வருவோமா என்றேன்.

"சனிக்கெழம கெழக்க சூலம்ல" என்றாள்.